ஆக்டிவேட்டட் கார்பனை அமிலத்தில் ஊறவைத்தால் அதன் மேற்பரப்பில் என்ன மாறும்?

எந்த அமிலம் என்பதைப் பொறுத்தது. வேலூரில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்தபோது இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வாரத்தைத் தொலைத்தவன் நான்.

கொட்டாங்குச்சிக் கார்பனை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினேன். அது பெரும்பாலும் அழுக்கெடுக்கும் வேலைதான். பொட்டாசியம், கால்சியம் போன்ற சாம்பல் உப்புகள் கரைந்து போகும், அடைபட்ட துளைகள் கொஞ்சம் திறக்கும். கார்பன் என்னவோ அதே கார்பன்தான்.

நைட்ரிக் அமிலத்தின் கதை வேறு. சூடேறியதும் செம்பழுப்புப் புகை கிளம்பும் (புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்). கார்பன் அடுக்குகளின் ஓரங்களை அது ஆக்சிஜனேற்றம் செய்வதால் அங்கே கார்பாக்சில், லாக்டோன், ஃபீனால் எனும் ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் உருவாகும். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது: சாதா கார்பன் தூள் பீக்கர் தண்ணீரில் படலமாக மிதந்தது, நைட்ரிக் பார்த்தது நனைந்து அடியில் போய் உட்கார்ந்தது.

இந்தத் தொகுதிகள் புரோட்டானை விட்டுவிட்டால் மேற்பரப்பு எதிர்மின்சுமை பெறும். காரீயம், மூவிணைதிற குரோமியம் (Cr³⁺) போன்ற நேர்மின் அயனிகளை நன்றாகப் பிடிக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டேனரிகளில் தோல் பதனிடப் போடுவது மூவிணைதிற குரோமியம்தான். நான் என்னவோ 'குரோமியம்தானே' என்று பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்துச் சோதித்தேன். அதிலிருப்பது ஆறிணைதிற குரோமியம், அதுவும் எதிர்மின் அயனியாக. எதிரும் எதிரும் ஒட்டுமா? நைட்ரிக் கார்பனைவிடப் பதப்படுத்தாத கார்பனே அதை நன்றாக உறிஞ்சியது. கரியைத் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையது.

நஷ்டமும் உண்டு. அடர் அமிலத்தில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் துளைச் சுவர்கள் அரிக்கப்படும், புதிய தொகுதிகள் துளை வாயை அடைக்கும். கிராமுக்கு 1000 சதுர மீட்டர் அளவில் இருக்கும் பரப்பு குறைந்துவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் அந்தத் தொகுதிகளை மொய்ப்பதால் ஃபீனால், பென்சீன் போன்றவற்றை உறிஞ்சுவதும் குறையும். அதனால் வீட்டு ஃபில்டரில் நாற்றம் போக்க நைட்ரிக் கார்பன் தேவையில்லை.

அப்புறம், எந்த அமிலமானாலும் கழுவுநீரின் பிஎச் மாறாமல் நிற்கும்வரை காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். மேற்பரப்பிலுள்ள அமிலத் தொகுதிகளைக் காரத்தைக் கொண்டு அளக்கும் போம் டைட்ரேஷனில், துளைக்குள் தங்கும் அமிலம் அந்தக் காரத்தைத் தின்றுவிடும். இல்லாத கார்பாக்சிலை இருப்பதாகக் கணக்கு காட்டும். வேலூர் மே மாத வெயிலில், டிஸ்டிலேஷன் செட்டுக்கே தண்ணீர் வராத நாட்களில், இதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி.