டெஸ்ட் முடிவை நம்பி சீட்டு வாங்காதீர்கள்

வணக்கம் சார். உங்கள் மகள் ஆன்லைனில் எழுதிய பெர்சனாலிட்டி டெஸ்டைப் பற்றி விவரமாக எழுதியிருந்தீர்கள். 'தனிமை விரும்பி, தர்க்க புத்தி' என்று முடிவு வந்ததாம். அப்படியானால் ஏஐ படிப்புதான் சரி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டு பிடித்துவிடலாம் என்கிறாராம் உங்கள் மைத்துனர். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த வீட்டிலும் தூக்கம் இருக்காது, புரிகிறது. ஆனால் இதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் அந்த முறை, சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் கருத்துகளை வைத்து அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. இருவருமே முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த டெஸ்டை விற்கும் நிறுவனமே சொல்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். தனிமை விரும்பி, கூட்டம் விரும்பி என்ற இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலோர் இருப்போம்; டெஸ்டோ ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும். சில வாரம் கழித்து எழுதினால் வேறு வகை வருவதும் சகஜம்.

பிறகு ஏன் அச்சு அசலாக நம்மைப் போலவே இருக்கிறது? 1948-ல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்து, 'இது உன் டெஸ்ட் முடிவு' என்றார். ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள் அவை. தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண், ஐந்துக்கு 4.26! டெஸ்டிலிருந்து தெரிவது ஒன்றுதான்: தன்னை எப்படிப் பார்க்க உங்கள் மகள் ஆசைப்படுகிறாள் என்பது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினாள் என்று கேளுங்கள், இன்னும் கொஞ்சம் தெரியும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. பக்கவாதம் வந்து பேச்சுப் போன பாட்டியோடு தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, 'தண்ணி' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது அவள்தான் என்று. சார், நான் பார்ப்பது அந்த வரியைத்தான்.

பி.ஏ.எஸ்.எல்.பி. என்று ஒரு படிப்பு இருக்கிறது. செவித்திறன், பேச்சு, மொழிக் குறைபாடுகளுக்கானது. நான்கு வருடம், கடைசி வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். பச்சிளங்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று கருவி வைத்துச் சோதிப்பது, காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க அறுவை சிகிச்சையில் வைக்கும் கருவி) பொருத்திய குழந்தைக்கு ஒலியைப் பழக்குவது, திக்குவாய், ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது, பக்கவாதம் வந்தவர்களைத் திரும்பப் பேசவும் விழுங்கவும் பழக்குவது, எல்லாம் இவர்கள் வேலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு அந்த இம்ப்ளான்ட் கிடைக்கிறது. ஆனால் அறுவை சிகிச்சையோடு முடியாது, அப்புறம் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசவைக்க ஆள் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியிலும், முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டிலும் படிக்கலாம். மைசூரில் 1960களிலிருந்து இயங்கும் அய்ஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் இந்தத் துறையில் நாட்டின் முன்னோடி. பெரும்பாலான இடங்களில் இதற்கு நீட் கேட்பதில்லை. எங்கே சேர்ந்தாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத பட்டத்தால் தொழில் செய்ய முடியாது.

ஆரம்பச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது, மறைக்கவில்லை. தனிமை விரும்பிக்கு இது சரிவராது என்பார் மைத்துனர். கூட்டத்தில் பேசாத பிள்ளை ஒருவரோடு பொறுமையாக உட்காருவாள். இங்கே அதுதான் வேண்டும்.

பணத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீட்டை அடமானம் வைத்து சீட்டு வாங்கக் கூடாது. அட்வான்ஸ் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாட்டிக்கு ஸ்பீச் தெரபி கொடுத்தவரிடம் கேட்டு, ஒருநாள் காலை முழுக்க அவர் வேலை செய்வதை மகள் பார்க்கட்டும். திரும்பி வந்து 'வேண்டாம்' என்றால் வேறு பேசலாம். ஆனால் முடிவை அவள் சொல்ல வேண்டும், மைத்துனர் அல்ல.