சித்தப்பா சொல்லும் இரண்டு சீட்டு

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருப்பவர், போன ஞாயிற்றுக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கூடவே அவர் தம்பியும். மகள் இப்போதுதான் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், வணிகவியல் பிரிவு. முதல் இருபது நிமிடம் பேசியது சித்தப்பா மட்டும்தான். சென்னையில் ஏதோ ஒரு கட்சியில் வட்ட அளவில் பொறுப்பில் இருக்கிறாராம். "பாப்பாவ ஒரு வருஷம் கோச்சிங்ல போட்டு கிளாட், அதான் சட்ட நுழைவுத் தேர்வு, எழுத வைக்கிறோம் சார். நேஷனல் லா ஸ்கூல்ல ஒரு சீட்டு. முடிச்சு வந்தா கட்சியில நான் பாத்து ஒரு சீட்டு. மந்திரி, கவர்னர்னு போனவங்கல்லாம் யாரு? வக்கீலுங்கதானே?"

அப்பா ஒரு துண்டுக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். வாங்கிப் பார்த்தேன். ஐந்து வருடக் கட்டணம், விடுதி, கோச்சிங் எல்லாம் கூட்டிப் பதினான்கு லட்சம். அதற்குக் கீழே 'மனைப் பத்திரம்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி.

"கவலைப்படாதீங்கண்ணே, சட்டம் நல்ல படிப்புதான்" என்று வழக்கம்போலத்தான் ஆரம்பித்தேன். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தபிறகு அப்படியே பேச மனம் வரவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடன். கையில் இருக்கும் இரண்டு லட்சம் போக மீதி 12 லட்சத்துக்குக் கல்விக் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 15,900 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. இந்தப் பக்கம் ஒரு ஜூனியர் வக்கீலின் வருமானத்தைப் பாருங்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் சீனியர்கள் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதை அப்படியே கொடுக்கிற சீனியர் அலுவலகம் உங்கள் ஊரில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். ஆக, கடன் வாங்கிப் படித்த பிள்ளை கோர்ட்டுக்கு வர முடியாது. மும்பையிலோ டெல்லியிலோ ஒரு பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தம் திருத்துகிற வேலைக்குத்தான் போயாக வேண்டும். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை, ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு. ஆனால் அங்கே போனால் சித்தப்பாவின் இரண்டாவது சீட்டு என்ன ஆகும்? பத்து வருடம் தவணை கட்டிவிட்டு வேடசந்தூருக்கு வந்து ஓட்டுக் கேட்டால், "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள்.

அடுத்தது அந்த 'மந்திரி, கவர்னர்' பேச்சு. வக்கீலாக இருந்து பதவிக்குப் போனவர்களின் கதையை நம் வீடுகளில் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறோம். ஆர். வெங்கட்ராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் குடியரசுத் தலைவர் ஆனது எல்லோருக்கும் தெரியும். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ராஜாமடத்தில் பிறந்து, 1935-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்த அந்த இளைஞர் அடுத்த பதினைந்து வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்? 1942 போராட்டத்தில் இரண்டு ஆண்டு சிறையில் இருந்தார். மற்ற நேரமெல்லாம் தொழிலாளர் சட்டம். 1949-இல் அதற்கென்றே 'லேபர் லா ஜர்னல்' என்ற சட்ட இதழைத் தொடங்கினார். தொழிலாளர் வழக்கு, தீர்ப்பு என்று எதைத் தேடினாலும் அவர் பெயர் அடிபடும் நிலைக்கு வந்தபிறகுதான் 1950-இல் தற்காலிக நாடாளுமன்றத்துக்குப் போனார். 1952-இல் தஞ்சாவூர் தொகுதி. 1957-இல் மறுபடி ஜெயித்த எம்.பி. பதவியை விட்டுவிட்டுக் காமராஜர் அமைச்சரவைக்கு வந்தார். 1967 வரை இங்கே தொழில்துறை அவர் கையில்தான். பிறகு திட்டக்குழு உறுப்பினர். அதற்கும் பிறகுதான் நிதி, பாதுகாப்பு என்று டெல்லிப் பதவிகள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1968 முதல் 1979 வரை ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கும் அவர்தான் தலைவர். அங்கே வருவது ஐ.நா. ஊழியர்களின் பணித் தகராறுகள். அதுவும் வேலைக்காரருக்கும் வேலை கொடுத்தவருக்கும் இடையிலான வழக்குதான். ராஜாமடத்துக்காரர் நியூயார்க் வரைக்கும் ஒரே பாடத்தைத்தான் கொண்டுபோயிருக்கிறார்.

அந்தப் பாடம்தான் முதல் மூலதனம். கட்சி சீட்டுக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது, ஊராட்சித் தேர்தலுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிப்பு இவ்வளவு என்று அரசமைப்புச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. அதற்காகப் பதினான்கு லட்சம் செலவு செய்வதைப் போல ஒரு வீண் செலவு கிடையாது. இதைச் சொன்னதும் சித்தப்பா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று.

அப்போதுதான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. "சார், நான் பிஎஃப் பாப்பேன்" என்றது. எனக்குப் புரியவில்லை. பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டியது. பக்கத்துக்கு ஒரு பெயர். கீழே யுஏஎன் எனும் பிஎஃப் கணக்கு எண், எந்த மில், எந்த வருடம் சேர்ந்தார், எப்போது நின்றார், என்ன சிக்கல். ஒரு அக்காவுக்கு ஆதாரில் ஒரு எழுத்து, மில் பதிவில் வேறு எழுத்து. இன்னொருவருக்கு வேலையை விட்டு நின்ற தேதியையே மில்காரர்கள் ஏற்றவில்லை, அதனால் பணம் எடுக்க முடியவில்லை. மூன்றாவது அக்கா பதினாறு வயதில் மில் விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை பார்த்தவர். தனக்குப் பிஎஃப் பிடித்தார்களா என்பதே தெரியாது. இந்தப் பிள்ளை செல்போனில் போட்டுப் பார்த்து, மில் டைம் ஆபீஸ் கிளார்க்கிடம் போய் நின்று, பதிவைத் திருத்தக் கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொடுத்திருக்கிறது. முடிந்த பக்கங்களில் பச்சை மையில் ஒரு டிக். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு.

"சும்மா ஊர்ப் பொம்பளைங்களுக்கு எழுதிக் குடுக்குது சார். படிக்கிற நேரத்துல இது எதுக்குன்னு நான்கூட திட்டுவேன்" என்றார் அம்மா.

அம்மா, நீங்கள் திட்டிய அந்த நோட்டுதான் உங்கள் மகளின் கல்விச் சான்றிதழ். மற்ற சான்றிதழை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிளஸ் டூ முடித்தவர்கள் பொறியியல், நீட், பி.காம்., சி.ஏ. என்று சுற்றுவதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, ஊரே சொல்லும். சட்டத்துக்குள்ளேயும் கிரிமினல், சிவில், நீதிபதித் தேர்வு என்று பேசுவார்கள். (நீதிபதித் தேர்வுக்குக் குறைந்தது மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. படித்து முடித்ததும் நேரே நீதிபதி என்ற கணக்கு இனி இல்லை.) தொழிலாளர் சட்டத்தை மட்டும் யாரும் ஒரு வழி என்றே சொல்வதில்லை. மில்லும் பட்டறையும் நிறைந்த மாவட்டங்களில் இப்படி இருப்பதுதான் எனக்கு வேடிக்கை.

இப்போது இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி 4 தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய தொழிலாளர் நீதிமன்றங்களின் இடத்தில் ஒரு நீதித்துறை உறுப்பினர், ஒரு நிர்வாக உறுப்பினர் கொண்ட தீர்ப்பாயம் என்பது அதில் ஓர் ஏற்பாடு. 'ஊதியம்' என்றால் என்ன என்பதே மாறியிருக்கிறது: படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போகிற பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும். முப்பது வருட சீனியரும் புதுப் புத்தகத்தைத்தான் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார். இப்படி எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பது ஒரு தொழிலில் அடிக்கடி நடக்காது.

அந்த மாற்றம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று அப்பாவுக்குக் காட்ட, மேசையிலேயே ஒரு கணக்குப் போட்டேன். ஒருவர் 12 வருடம் வேலை பார்த்திருக்கிறார். மொத்தச் சம்பளம் மாதம் 26,000. புதுக் கணக்கில் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) எடுத்துக்கொள்ளும் மாத ஊதியம் அதில் பாதி, 13,000. அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. வருடத்துக்கு 15 நாள் வீதம் 7,500. பன்னிரண்டு வருடத்துக்கு 90,000 ரூபாய். அதே ஆளுக்குச் சம்பளச் சீட்டில் அடிப்படை 6,500, மீதி 19,500 படி என்று பிரித்துப்போட்டு, அடிப்படையை மட்டும் கணக்கில் எடுத்தால் 45,000. இந்த வித்தியாசத்தை எழுதிக் கேட்கத் தெரிந்தவர்தான் தொழிலாளர் சட்ட வக்கீல். அப்பா உடனே சட்டைப் பையிலிருந்து தன் சம்பளச் சீட்டை எடுத்தார். மகள் எட்டிப் பார்த்து, "உங்களுக்கும் அப்படித்தாம்பா" என்றது.

இந்தத் துறையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பழைய 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்ததைப் போலவே புதிய தொகுப்பிலும், தொழிலாளர் அலுவலர் முன்னால் நடக்கும் சமரசப் பேச்சில் வழக்கறிஞர் ஆஜராக முடியாது. தொழிற்சங்க நிர்வாகிதான் உட்காருவார். அதனால் இந்தத் துறைக்கு வருகிற வக்கீல் சங்கத்தோடு பழகித்தான் ஆக வேண்டும். வாயில் கூட்டத்தில் பேசத்தான் வேண்டும். வி.வி. கிரி டப்ளினில் சட்டம் படித்துவிட்டு வந்து ரயில்வே தொழிலாளர்களிடம் போனார், பிறகு மத்தியத் தொழிலாளர் அமைச்சர் ஆனார். சிங்காரவேலர் சென்னை உயர் நீதிமன்ற வக்கீல். 1923-இல் மே தினம் கொண்டாடினார், பிறகு சென்னை மாநகராட்சி உறுப்பினர் ஆனார். தொழிலாளர் பக்கத்திலிருந்து அரசியலுக்குப் போகிற பாதை பழைய பாதைதான். சித்தப்பா அதை மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

அரசாங்க உத்தியோகம்தான் வேண்டும் என்றால் அதற்கும் இதே பாடத்தில் ஒரு கதவு இருக்கிறது. யுபிஎஸ்சி என்றதும் ஐஏஎஸ் மட்டும்தான் வீட்டில் நினைவுக்கு வருகிறது. அதே யுபிஎஸ்சி, வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) நிறுவனத்துக்கு அமலாக்க அலுவலர், உதவி ஆணையர் பணிகளுக்குத் தனித் தேர்வு வைக்கிறது. பட்டம் போதும். இரண்டு மணி நேரம், கொள்குறி வினாக்கள், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிவு, பிறகு நேர்காணல். பாடத்திட்டத்தில் தொழிலாளர் சட்டமும் சமூகப் பாதுகாப்பும் இருக்கின்றன. உங்கள் மகள் நோட்டில் பாதிப் பாடத்தை ஏற்கனவே முடித்துவிட்டாள். ஒரே தொல்லை, இது வருடாவருடம் வராது. 2023-க்குப் பிறகு 2025-இல்தான் அறிவிப்பு வந்தது. அமலாக்க அலுவலருக்குப் பொதுப் பிரிவில் வயது உச்சவரம்பு 30. அதனால் இதை மட்டும் நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. வக்கீலாக வேலை பார்த்துக்கொண்டே, வருகிறபோது எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியர் ஆனால் சன்னதை, அதாவது வக்கீல் பதிவை, நிறுத்திவைக்க வேண்டும். கட்சி, தேர்தல் எதுவும் கூடாது. எம்.எல்.ஏ., எம்.பி. ஆனால் வக்கீல் தொழிலை விட வேண்டியதில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, உத்தியோகமும் அரசியலும் ஒரே நேரத்தில் கிடையாது. எது முதலில் என்பதை முடிவு செய்யப்போவது அவள்தான், அதுவும் இருபத்தைந்து வயதுக்கு மேல். இன்றைக்கு இந்த மேசையில் வைத்து முடிவு பண்ண வேண்டியது கல்லூரியை மட்டும்தான்.

அதற்கு மதுரை அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாகப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. நுழைவுத் தேர்வு இல்லை, கோச்சிங் இல்லை. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். முடித்தபிறகு பார் கவுன்சிலில் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியலினத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. மதுரையில் சீட்டு கிடைக்காவிட்டால் தேனி, திருச்சி. அதுவும் இல்லையென்றால் ஒரு பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப் படிப்பு. வகுப்புக்கே போகாமல் பட்டம் தருகிறோம் என்று வெளிமாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி ஆள் வருவார்கள், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆங்கிலம் வேண்டும், அதில் சமாதானம் கிடையாது. சாட்சி தமிழில் சொல்வார்கள், ஆனால் உயர் நீதிமன்றம் போனால் எல்லாம் ஆங்கிலம். தினம் ஒரு தீர்ப்பு, இரண்டு பக்கம், அகராதி வைத்துக்கொண்டு படித்தால் போதும். கோச்சிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

டீ குடித்துவிட்டுத் திரும்பிய சித்தப்பா, "அப்ப அந்த ஸ்டேட்டஸ் சார்?" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. சம்பளச் சீட்டை மகள் பக்கம் நகர்த்தி, "எத்தன வருஷத்துக்குப் போடணும்?" என்றார். இருபத்தொரு வருடம். பிள்ளை நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, மேலே அப்பா பெயரை எழுதியது.

வருகிற செவ்வாய்க்கிழமை மதுரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தொழிலாளர் வழக்கு விசாரணையை யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். பத்தரை மணிக்கு முன்னால் வர வேண்டும். நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொன்னேன்.