வோட்டர் கார்டு தானாக வந்துவிட்டது, சிட்டிசன்ஷிப் ஃபார்மில் என்ன எழுதுவது?

கேள்வி: சிகாகோ புறநகரில் இருக்கிறோம். எனக்கு கிரீன் கார்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு வருடம் முன்பு லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கவுண்டரில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், கொஞ்ச நாளில் வோட்டர் கார்டு தபாலில் வந்து நின்றது. ஒரு தடவைகூட வோட்டு போடவில்லை. இப்போது என்-400 என்ற சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தை நிரப்புகிறோம். வோட்டராகப் பதிந்ததுண்டா என்ற கேள்விக்கு "இல்லைன்னே போடுங்க, யாரும் பார்க்கிறதில்லை" என்கிறார் ஃபார்ம் நிரப்பித் தருபவர். கிரீன் கார்டு வைத்திருக்கும் தோழி ஒருத்தி, தானே சிகாகோவில் வோட்டு போட்டிருப்பதாகச் சொல்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் வேறு போட்டாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த ஃபார்ம்காரரிடமிருந்து உங்கள் காகிதங்களைத் திரும்ப வாங்குங்கள். என்-400 இல் பொய் சொன்னால் தண்டிக்கப்படுவேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது நீங்கள், அவர் இல்லை. உங்கள் பெயர் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வோட்டர் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்துப் பார்க்க ஒரு அதிகாரிக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. இன்று "இல்லை" என்று எழுதி நாளை குடியுரிமை கிடைத்தாலும், பொய் சொல்லி வாங்கியது என்று பின்னால் அதைப் பறிக்க வழக்குப் போட முடியும். இந்த மாதிரி ஆட்களிடம் நம்மவர்கள் ஏன் இத்தனை எளிதாக மாட்டுகிறார்கள் என்றால், போர்டில் "நோட்டரி" என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் நோட்டரி என்றால் பல வருடம் பிராக்டிஸ் செய்த வக்கீல். இங்கே நோட்டரி என்பவர் நீங்கள் கையெழுத்துப் போட்டதற்குச் சாட்சி, அவ்வளவுதான், சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இமிக்ரேஷன் விஷயத்தில் ஆலோசனை சொல்ல அட்டர்னிக்கும் (அதாவது வக்கீலுக்கும்), அமெரிக்க நீதி அமைச்சகம் அங்கீகாரம் கொடுத்த பிரதிநிதிக்கும் மட்டும்தான் உரிமை உண்டு. வரி சீசனில் டாக்ஸ், மற்ற மாதங்களில் இமிக்ரேஷன் என்று கடை போடுபவர்களால் கெட்டுப்போன ஃபைல்கள் என் மேஜையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வோட்டர் கார்டு வந்ததாலேயே அது குற்றம் ஆகிவிடாது. அன்று "நான் அமெரிக்கக் குடிமகள்" என்ற கட்டத்தில் டிக் விழுந்ததா, இல்லையா? எல்லாம் அதில்தான் இருக்கிறது. குடிமகள் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது 1996 இமிக்ரேஷன் சட்டத்துக்குப் பிறகு நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம், குற்ற வழக்காகப் போட்டால் 5 வருடம் வரை சிறை. வோட்டு போட்டிருந்தால் அது தனிக் குற்றம், நல்லவேளை நீங்கள் போடவில்லை. "தெரியாமல் செய்துவிட்டேன்" என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தெரிந்து சொன்னதாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியம் 2019 இல் சொல்லிவிட்டது.

ஒரு டிக் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு உங்கள் இல்லினாயிலேயே இரண்டு வழக்குகள் உண்டு. இரண்டு பெண்களுமே லைசென்ஸ் கவுண்டரில் பதிவாகி 2006 இல் வோட்டு போட்டவர்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர் தன் பாஸ்போர்ட்டைக் காட்டி உண்மையைச் சொன்னதாகவும், அதன் பிறகும் கிளார்க்தான் பதிய வைத்ததாகவும் சொன்னார். அவர் சொல்வது உண்மையா என்று சரியாக விசாரியுங்கள் என்று 2012 இல் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. பெருவிலிருந்து வந்தவரும் கிரீன் கார்டைக் காட்டியவர்தான். ஆனால் பதியட்டுமா என்று கேட்டதற்கு கிளார்க் "உங்கள் இஷ்டம்" என்று சொல்ல, அவர் குடிமகள் கட்டத்தில் தானே டிக் செய்துவிட்டார். 2017 இல் அதே நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

கவுண்டரில் கிரீன் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அதே மூச்சில் வோட்டராகப் பதியட்டுமா என்று கேட்கிறார்களே என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான். 1993 மத்தியச் சட்டப்படி லைசென்ஸுக்கு வருகிறவர்களிடம் கேட்டாக வேண்டும், கிளார்க்கும் இயந்திரம் மாதிரி கேட்டுவிட்டுப் போகிறார். நம் ஊர் போல எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தேர்தல் ஆணையம் உட்கார்ந்து பட்டியல் பார்க்கும் ஏற்பாடு இங்கே இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம், கவுண்டிக்குக் கவுண்டி பட்டியல். போதாததற்கு 2017 இல் இல்லினாய் தானியங்கிப் பதிவு கொண்டுவந்தது. குடிமகன் இல்லை என்று ஒழுங்காகப் பதில் சொன்ன 574 பேரின் விவரங்களைக் கம்ப்யூட்டர் தவறுதலாக வோட்டர் பதிவுக்கு அனுப்பியிருந்தது 2020 ஜனவரியில் வெளியே வந்தது. இயந்திரம் செய்த தவறுக்கும் விளக்கம் எழுதி நிற்க வேண்டியது என்னவோ கிரீன் கார்டுக்காரர்தான்.

உங்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம். அதனால் நினைவை நம்பாதீர்கள், காகிதத்தை வாங்குங்கள். லைசென்ஸ் ஆபீஸில் அன்று பதிவான விண்ணப்பத்தின் நகலும், கவுண்டி கிளார்க்கிடம் பதிவு விவரமும், ஒரு முறையும் வோட்டு போடவில்லை என்பதற்கான வோட்டு வரலாறும் வேண்டும். இதை இமிக்ரேஷன் அட்டர்னி மூலமாகவே கேளுங்கள். பெயரை நீக்கச் சொல்லும் கடிதத்தையும் அவசரப்பட்டு நீங்களே எழுதிவிட வேண்டாம். அதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் பின்னால் உங்கள் வாக்குமூலம். ஜூரி ட்யூட்டிக்கு, அதாவது குடிமக்கள் கோர்ட்டில் உட்கார்ந்து வழக்கில் தீர்ப்புச் சொல்லும் வேலைக்கு, கூப்பிட்டுக் கடிதம் வந்தால் அதில் குடிமகள் இல்லை என்பதைத் தயங்காமல் குறியுங்கள்.

தோழி சொன்னது பொய் இல்லை, ஆனால் அது வேறு. சிகாகோ அரசுப் பள்ளிகளில் பள்ளிக்குப் பள்ளி ஒரு கவுன்சில் உண்டு, அதன் தேர்தலில் பெற்றோர் குடிமக்களாக இல்லாவிட்டாலும் வோட்டு போடலாம். அதைத்தான் போட்டிருப்பார். மேரிலாந்தில் டகோமா பார்க் 1992 இலிருந்தே நகரத் தேர்தலில் குடியுரிமை இல்லாதவர்களையும் அனுமதிக்கிறது, சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத் தேர்தலுக்கு மட்டும் பெற்றோருக்கு உண்டு. நியூயார்க் நகரமும் சட்டம் போட்டுப் பார்த்தது, 2025 இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2024 இல் வந்த என்-400 இலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது: குடியுரிமை இல்லாதவர்கள் வோட்டு போடலாம் என்றிருக்கும் உள்ளூர்த் தேர்தலில் மட்டும் சட்டப்படி போட்டவர்கள் "இல்லை" என்று எழுதலாம். கவனியுங்கள், அந்தச் சலுகை தோழிக்கு. உங்கள் பெயர் பொதுப் பட்டியலில் ஏறியிருக்கிறது, இந்த வரியைக் காட்டி நீங்கள் "இல்லை" என்று எழுத முடியாது. ஃபார்ம்காரர் இதைச் சொல்லி உங்களை மயக்குவார் என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

நகலில் டிக் இல்லை என்றால் "ஆம்" என்று எழுதி, நடந்ததை அரைப் பக்கம் விளக்கி, நகல்களை இணைத்து அனுப்பலாம், இப்படி வந்த ஃபைல்கள் தேறியிருக்கின்றன. டிக் இருந்தால் விண்ணப்பமே இப்போது வேண்டாம், முதலில் அட்டர்னியுடன் உட்காருங்கள். விண்ணப்பிக்காவிட்டால் கிரீன் கார்டு அதனால் போய்விடாது, விண்ணப்பித்தால் ஃபைல் அதிகாரியின் கைக்குப் போய்விடும். அப்படி ஏதாவது வழக்கு வந்தாலும் இமிக்ரேஷன் நீதிபதி முன் உங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு, அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் "எந்த நபரும்" என்றுதான் பேசுகிறது, வோட்டுரிமைத் திருத்தங்கள்தான் "குடிமக்கள்" என்கின்றன. ஆனால் வக்கீல் செலவு உங்களுடையது, அரசு தராது.

பொங்கல் பயணத்துக்கும் இதே பதில்தான். நகல் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள், திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் கேள்வி வந்தால் அங்கே உங்களுக்குப் பக்கத்தில் அட்டர்னி இருக்க மாட்டார். டிக்கெட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.