பழைய காரின் முன்சக்கரத்தில் வேகத்துக்கேற்ப வரும் 'டக் டக்' சத்தத்துக்கு என்ன காரணம்?

முதலில் வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். லூசாக இருந்தால் சக்கரமே கழன்றுவிடும். அதை இறுக்காமல் ஓட்டவே கூடாது. டயர் இடுக்கில் கல், பக்கச்சுவரில் புடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். அப்போது மட்டும் 'கடக் கடக்' என்றால் டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளி சி.வி. ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு, தேய்ந்திருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சத்தம் வந்தபின் அந்த உறையை மட்டும் மாற்றுவது வீண்செலவு. உள்ளே மணல் புகுந்து, ஜாயிண்டின் எஃகுக் குண்டுகள் ஓடும் பள்ளத்தை ஏற்கெனவே அரித்திருக்கும்.

நேராகப் போகும்போது 'ஊ...' என்ற இரைச்சல், இடப்பக்கம் வளைக்கையில் கூடினால் பெரும்பாலும் வலது சக்கரத்தின் பேரிங் (சக்கரம் சுழல உதவும் தாங்கி) தேய்ந்திருக்கும். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு).

சுற்றுக்கு ஒருமுறை 'சரக்' என உரசினால், பிரேக் டிஸ்க்குக்குப் பின்னுள்ள தகடு வளைந்திருக்கலாம். கையால் நிமிர்த்தினாலே போதும்.