காபி குடிக்கலாமா, எவ்ளோ, எப்போ? கேளுங்க சொல்றேன்

நான் டாக்டர் இல்ல, இருவது வருஷமா பார்மசியில மருந்து எடுத்துக் குடுக்கிறவ. தினம் ரெண்டு டம்ளர் பில்டர் காபி உள்ள போகலைன்னா யார்கிட்டயும் பேச மாட்டேன், அதனால கொஞ்சம் காபி பக்கமா சாஞ்சு பேசுனா கண்டுக்காதீங்க.

கே: அக்கா, காபி குடிச்சா சுகர் வராதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, நெசமா?

ப: வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கலப்பா. பல நாட்டுல வருஷக்கணக்கா ஆளுங்கள கவனிச்சுப் பாத்ததுல காபி குடிக்கிறவங்களுக்கு டைப் 2 சுகர் கொஞ்சம் கம்மியா வந்திருக்கு, ஈரல் சுருங்கிப் போற சிரோசிஸும் அப்படித்தான். டீகாஃப், அதாவது காஃபின் எடுத்துட்ட காபி, குடிச்சவங்களுக்கும் சுகர் கம்மிதான், அதனால காஃபின் மட்டும் காரணமா இருக்காது, குளோரோஜெனிக் ஆசிட் மாதிரி கொட்டையில இருக்கிற மத்த சரக்கா இருக்கலாம். ஆனா டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரைன்னு நாலு டம்ளர் குடிச்சா அதுவே 30 கிராமுக்கு மேல. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது. அப்புறம் வந்த லாபம் எங்க போச்சுன்னு கேக்கக்கூடாது.

கே: ஒரு நாளைக்கு எத்தன டம்ளர் மேடம்?

ப: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் காஃபினுக்கு 300 மில்லிகிராம்தான் எல்லைன்னு சொல்லுது. 150 மில்லி டிகாஷன் காபியில 80லேர்ந்து 120 வரைக்கும் இருக்கும், இன்ஸ்டன்ட்ல 50 - 65. கணக்கு போட்டுக்கோங்க. சிக்கரியில காஃபினே கெடையாது, ரொபஸ்டா வகை கொட்டையில அராபிகா வகைய விட ரெண்டு மடங்கு, அதனால ரொபஸ்டா ஜாஸ்தி உள்ள பொடின்னா ஒரு டம்ளர் கொறச்சுக்கோங்க.

கே: காலையில தைராய்டு மாத்திரை போட்டுட்டு உடனே காபி குடிக்கலாமா அக்கா?

ப: இந்த கேள்விக்காகத்தான் உக்காந்திருந்தேன். எங்க கடைக்கு வர்ற ஒரு அம்மாவுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டு கம்மியானா ரத்த டெஸ்ட்ல ஏறிக் காட்டுற ஹார்மோன்) எறங்கவே இல்ல, டோஸ் ஏறிக்கிட்டே போச்சு, எப்படிம்மா போடறீங்கன்னு கேட்டா மாத்திரைய வாயில போட்டு மேல சூடா காபிய ஊத்திக்குவேன்னு சாதாரணமா சொல்றாங்க! காபி கூட போனா அந்த மாத்திரை குடல்ல சரியா ஏறாது. வெறும் தண்ணியில போடுங்க, அரைமணியிலேர்ந்து ஒருமணி நேரம் கழிச்சு காபி. அந்த அம்மா பழக்கத்த மாத்துனதும் அடுத்த டெஸ்ட்லயே வித்தியாசம் தெரிஞ்சுது, ஆனா டோஸ கொறைக்கிறது டாக்டர் வேல, நீங்களா கொறைக்காதீங்க.

கே: நாலு மாசம் முழுகாம இருக்கேன், ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை குடுத்திருக்காங்க...

ப: அதையும் காபியோட சேக்காதம்மா, இரும்புச்சத்த ஒடம்புல ஏற விடாது. சாப்பாட்டுக்கு முன்ன ஒருமணி, பின்ன ஒருமணி காபி, டீ ரெண்டும் வேணாம். மொத்த காஃபின் 200க்குள்ள, அதாவது நாளைக்கு ஒரு டம்ளர்னு வெச்சுக்கோ. கர்ப்பத்துல காஃபின் ஒடம்ப விட்டுப் போக ரொம்ப நேரம் எடுக்கும்.

கே: சாயந்தரம் ஆறு மணிக்கு குடிக்கிறேன், பன்னெண்டு ஆனாலும் தூக்கம் வரல.

ப: நாள் முழுக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேரும், அது போய் சீட்ல உக்காந்தாதான் தூக்கம் வரும். காஃபின் முன்னாடியே துண்டு போட்டு அந்த சீட்ட புடிச்சிடுது. அதுல பாதி வெளிய போகவே அஞ்சு மணி நேரம் ஆகும், பதினொரு மணிக்கும் பாதி காபி உள்ளதான் இருக்கு. மூணு மணியோட நிறுத்திப் பாருங்க.

கே: காபியால கேன்சர் வருமா சார்?

ப: சார் இல்ல, அக்கா. 1991ல சந்தேகப் பட்டியல்ல இருந்துச்சு, 2016ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் பிரிவே எடுத்துட்டாங்க. ஆனா 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்க எதக் குடிச்சாலும் உணவுக்குழாய்க்கு ஆகாதுன்னாங்க, அது வெந்நீரா இருந்தாலும்தான். டபராவுல ரெண்டு ஆத்து ஆத்திட்டு குடிங்க.

கே: விட்டுடலாம்னு பாத்தா தலைவலி கொல்லுது.

ப: ஒரேயடியா விட்டா அப்படித்தான், ஒரு வாரம் வரைக்கும் கூட இழுக்கும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவ அரை டம்ளரா கொறச்சிட்டே வாங்க.

கே: அஞ்சு வயசு பையன் என் டம்ளர்லேர்ந்து ஒரு வாய் கேக்கறான்.

ப: பால குடுங்க. டம்ளர மட்டும் உங்களோடத குடுத்துடுங்க, அவனுக்கு வேண்டியது அதுதான்.