பேய் போனால் அப்பா திரும்பி வருவாரா?

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி மலருக்காக ஒரு பேய்த் திரில்லர் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கதையில் ஓர் அக்கா, ஒரு தம்பி. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். தினமும் ராத்திரி வாசலில் அவருடைய புல்லட் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து பேயை விரட்டுகிறார்கள், அப்பா திரும்பி வந்துவிடுகிறார். முடிவு சினிமா மாதிரி இருக்கிறது என்கிறாள் என் தோழி. எங்கள் வீட்டிலும் அப்பா இப்போது தனியாகத்தான் இருக்கிறார். நோட்டைப் பார்த்த அம்மா, "நம்ம வீட்டுக் கதைய ஊருக்குச் சொல்லப் போறியா?" என்று அழுதுவிட்டார். வாசித்துக் காட்டிய நாளிலிருந்து, ஐந்தாம் வகுப்பு படிக்கும் தம்பி லைட்டை அணைக்க விடுவதில்லை. எழுதுவதை விட்டுவிடட்டுமா?
- பெயர் வெளியிட வேண்டாம், திருநெல்வேலி

பதில்: விடாதே, கண்ணு.

இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் இடம் இருக்கிறது. அம்மா தூங்கிய பிறகு தம்பி எழுந்து போய், அப்பா விட்டுப்போன பழைய செருப்பை வீட்டுக்குள் பார்த்தபடி திருப்பி வைக்கிறான். விடியற்காலையில் அக்கா அதைப் பார்க்கிறாள். அம்மா எழுவதற்குள் சத்தமில்லாமல் பழையபடி வாசலைப் பார்த்துத் திருப்பிவிடுகிறாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அந்தப் பக்கத்தில் பேயே இல்லை, ஆனால் எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான்.

மூன்றாம் அத்தியாயத்தில் மந்திரவாதி வருகிறார், எலுமிச்சம்பழம் உருள்கிறது, கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. பயம் அங்கே இறங்கிவிடுகிறது. அந்தப் பேய் எந்த வீட்டுக்கும் வரலாம், இந்த வீட்டுக்கே உரியது என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. குடும்பம் உடைகிற கதையில் பேய் வெளியிலிருந்து வரக் கூடாது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்திலிருந்துதான் அது கிளம்ப வேண்டும்.

இதற்கு உங்கள் பக்கத்திலேயே பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. இசக்கியம்மன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டாகப் பாடுகிற நீலி கதையை ஆச்சியிடம் கேட்டுப் பார். நாகர்கோவில் போகிற வழியில் காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் வருகிறதே, அந்த இசக்கியின் கதை. நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன், தன்னை நம்பித் தூங்கியவளைக் கொன்றுவிடுகிறான். தேடி வந்த அவள் கூடப்பிறந்தவன் அதைப் பார்த்து அங்கேயே உயிரை விடுகிறான். இருவரும் சோழன் அரண்மனையில் நீலன், நீலி என்று இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள். ராத்திரியானால் தொட்டிலை விட்டு இறங்கிப் போய் ஆடு மாடுகளைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் திரும்பி வந்து ஒன்றும் அறியாத குழந்தைகளாகப் படுத்துக்கொள்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் பெற்ற ராஜாவே அவர்களைக் காட்டில் விட்டுவிடச் சொல்கிறான். பாடுகிற ஊரைப் பொறுத்து விவரங்கள் மாறும். ஆனால் கூடப்பிறந்த இருவர், அவர்கள் மட்டும் அறிந்த ஒரு ரகசியம், கைவிடுகிற பெற்றோர் என்று உன் கதைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. பயமும் அரண்மனைக்கு வெளியே இல்லை, தொட்டிலிலேயே கிடக்கிறது.

உன் புல்லட் சத்தத்துக்கு ஒரே ஒரு விதி வை. விதி இல்லாத பேயிடம் வாசகருக்குச் சீக்கிரமே சலிப்பு வந்துவிடும். நான் யோசித்தது இது: வீட்டில் யாராவது பொய் சொன்னால் சத்தம் ஓரடி நெருங்கி வரும். பக்கத்து வீட்டு மாமியிடம் அம்மா, "அவங்க வேலை விஷயமா கோயம்புத்தூர் போயிருக்காங்க" என்கிறாள். தெருமுனையில் கேட்ட சத்தம் அன்று கேட் வரை வருகிறது. பள்ளியில் பெற்றோர் கூட்டத்தன்று அக்கா அதே பொய்யைச் சொல்கிறாள். அன்று ராத்திரி இன்ஜின் போர்டிகோவில் உறுமுகிறது. அடுத்தது படிக்கட்டு. தம்பிக்கு விதி முதலில் புரிந்துவிடுகிறது. அவனுக்கோ அப்பா வர வேண்டும், அதனால் வேண்டுமென்றே பொய் சொல்ல ஆரம்பிக்கிறான். அக்காவுக்கும் சத்தம் கேட்கிறது, ஆனால் "எனக்கு ஒண்ணும் கேக்கலடா" என்று அவனிடம் சாதிக்கிறாள். அதுவும் ஒரு பொய்தானே! உன் பிரதியில் அக்காவும் தம்பியும் முதல் பக்கத்திலிருந்தே ஒற்றுமையாக இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்து வை. அம்மா பக்கம், அப்பா பக்கம் என்று பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவதுதான் இந்த மாதிரி வீடுகளில் நடக்கிற பெரிய கொடுமை. அவர்கள் மறுபடி சேருவார்களா என்பதுதான் வாசகரைப் பக்கம் புரட்ட வைக்கும்.

முடிவைப் பற்றி உன் தோழி சொன்னது சரி. ஆனால் என் காரணம் வேறு. பேயை விரட்டியதால் அப்பா திரும்பினார் என்று எழுதினால், பிள்ளைகள் சரியாக நடந்துகொண்டால் குடும்பம் சேர்ந்துவிடும் என்று சொல்வதாகிறது. அப்படியானால் பிரிந்ததும் பிள்ளைகளால்தான் என்று ஆகிவிடாதா? பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் மனசுக்குள் இதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறார்கள். உன் கதையைப் படிக்கப்போகும் யாரோ ஒரு பையன் தலையில் நீயும் அதை ஏற்றி வைக்காதே. சத்தம் நிற்கட்டும், அக்காவும் தம்பியும் சேரட்டும், ஆனால் அப்பா குடியிருக்கத் திரும்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிஜ புல்லட்டில் வந்து, விருந்தாளி போல காலிங் பெல் அடிக்கட்டும். உனக்கும் சேர்த்தே சொல்கிறேன்: உங்கள் வீட்டில் நடந்தது எதுவும் நீயோ தம்பியோ செய்ததால் நடக்கவில்லை. அதைச் சரிசெய்வதும் உங்கள் வேலை இல்லை.

சுருக்கத்தில் ஒரு கோர்ட் காட்சி வைத்திருக்கிறாய். தம்பியைக் கூண்டில் ஏற்றி, "யார் வேண்டும், சொல்" என்று நீதிபதி கேட்கிறார், ஒரு வாரத்தில் டைவர்ஸ் கிடைக்கிறது. அதை எடுத்துவிடு. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த குடும்ப நீதிமன்றங்களில் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். பிள்ளையிடம் பேச வேண்டியிருந்தால் நீதிபதி பெரும்பாலும் தம் அறையில் தனியாகத்தான் பேசுவார். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சொல்கிறது, ஆனால் முடிவெடுக்கும் பாரம் பிள்ளைமேல் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருவரும் சம்மதித்துக் கேட்டாலும் ஓராண்டாவது பிரிந்திருந்திருக்க வேண்டும், மனுப் போட்ட பிறகும் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். (தக்க காரணம் இருந்தால் இந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது.) அந்த ஆறு மாதம் உனக்குக் கிடைத்த வரம். திரில்லருக்குக் கெடு வேண்டும். மனுப் போட்ட அன்று சத்தம் தொடங்கட்டும்.

அம்மா அழுததை லேசாக எடுத்துக்கொள்ளாதே. எழுதுவது உன் உரிமை, ஆனால் அச்சில் வருவது அவரையும் தம்பியையும் தொடுகிறது. ஊர், வேலை, வண்டி, தெரு எல்லாவற்றையும் மாற்று. உன் கதையில் அம்மா பக்கம்பக்கமாக அழுதுகொண்டே இருக்கிறார், வேறு ஒன்றும் செய்வதில்லை. அவர் மாதக் கடைசியில் எப்படிச் சமாளிக்கிறார், யாரிடம் எந்தப் பொய்யை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஓர் அத்தியாயம் எழுது. முடித்ததும் முதலில் அவரிடம் கொடு. அவர் வேண்டாம் என்றால் இந்த வருட மலருக்கு வேறு கதை கொடு, இது காத்திருக்கட்டும்.

தம்பிக்கு ராத்திரியில் இனி வாசிக்காதே. பகலில் உட்கார வைத்து, இந்தச் சத்தத்தை நீ எப்படி உண்டாக்கினாய் என்று சொல்லிக் கொடு. கேட் கொண்டியை யார் திறக்க வேண்டும், அடுத்து என்ன ஆக வேண்டும் என்று அவனையே கேள். சொல்கிறபோது அவன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிரு. இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கம் சரியாகவில்லை என்றால் அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐ நீயோ அவனோ நேராகவே அழைக்கலாம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்றாம் அத்தியாயத்தை மந்திரவாதி இல்லாமல் மாற்றி எழுதி அனுப்பு. படித்துவிட்டு எழுதுகிறேன்.