வேதக் கதையைப் புத்தகம் பார்க்காமல் சொல்லலாமா?

கேள்வி: நான் வடசென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில் இருக்கிறேன். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேரை வீட்டில் உட்காரவைத்து, பிரசங்கம் இல்லாமல் வேதாகமக் கதை மட்டும் சொல்லலாம் என்று ஆசை. வருகிற ஆயாக்கள் பலருக்கு வாசிக்கத் தெரியாது. கத்தோலிக்கக் குடும்பங்களும் வருவார்கள். ஆனால் சபைப் பெரியவர் ஒருவர், புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னால் வசனம் மாறிப்போகும், அது தப்பு என்கிறார். சொல்லலாமா? எந்தக் கதையில் தொடங்குவது?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவரோடு வாதாட வேண்டாம், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். என்ன வேலை என்று பின்னால் சொல்கிறேன்.

வேதம் முதலில் காதுக்குத்தான் வந்தது. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்னால் நின்று காலையிலிருந்து மத்தியானம் வரை வாசிக்கிறார், ஜனங்கள் நின்று கேட்கிறார்கள். வெளிப்படுத்தல் 1:3 வாசிக்கிற ஒருவரையும் கேட்கிற பலரையும் பாக்கியவான்கள் என்கிறது. ஒரு சபைக்கு ஒரு சுருள் கிடைப்பதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. உங்கள் ஆயாக்கள் எழுத்துத் தெரியாமல் கேட்பதில் குறை ஒன்றுமில்லை. மாற்குவின் சுவிசேஷத்தை முதலில் கேட்டவர்களில் மிகப் பலர் அவர்களைப் போன்றவர்கள்தான்.

இதை ஒரு பயிற்சியாகவே செய்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் தாமஸ் பூமர்ஷைன் என்ற வேதாகம அறிஞர் 1977இல் வேதக் கதைசொல்லிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் கூடுகைகளில் கதை சொல்ல வருகிறவர்களுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: சம்பவங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அப்படியே இருக்க வேண்டும், வார்த்தைகள் எழுபத்தைந்து பங்கு. கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள், ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதி கோபம் இறங்கிவிடும். 1978இல் அலெக் மெக்கவன் என்ற ஆங்கிலேய நடிகர் மாற்கு சுவிசேஷம் முழுவதையும் மனப்பாடமாக லண்டன் மேடையில் தனி ஆளாகச் சொன்னார், கூட்டம் உட்கார்ந்து கேட்டது. நீங்கள் முதல் நாள் சொல்லப்போவது ஏழே வசனம்.

நமக்கும் இது புதிதல்ல. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) வழியில் வந்த கிறிஸ்தவ கதாகாலட்சேபம் இருக்கிறது. பெரிய வியாழன், வெள்ளியில் இயேசுவின் பாடுகளின் கதையைக் கேட்டு அழுத பாட்டிகள் கத்தோலிக்க வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் காலட்சேபத்துக்குப் பாட்டும் தாளமும் வேண்டும், தேர்ந்த குரல் வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம். வெறும் பேச்சுக் குரல் போதும். சொல்லப்போனால் பேச்சுக் குரல்தான் வேண்டும்.

முதல் கதையாக மாற்கு 4:35-41 எடுங்கள். இயேசு கடலை அமர்த்துகிற கதை. ராயப்பர், அதாவது பேதுருவின் பெயரைத் தாங்கிய ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேதுருவின் படகை விட்டுவிட்டு வேறெங்கே போவது?

கதையை மனப்பாடம் செய்யாதீர்கள். பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போல ஒரு வரி தவறினால் அடுத்த வரியும் வராது. முதலில் சத்தமாக வாசியுங்கள், அவசரமில்லாமல், மூன்று நான்கு தடவை. அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு இடங்களாகப் பிரியுங்கள். சாயங்காலம், அக்கரைக்குப் போவோம் என்கிறார், புறப்படுகிறார்கள். சுழல்காற்று, படகில் தண்ணீர் ஏறுகிறது. பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார், எழுப்புகிறார்கள். அதட்டுகிறார், அமைதி. கடைசியில் இரண்டு கேள்விகள், அவர் கேட்பது ஒன்று, அவர்கள் தங்களுக்குள் கேட்பது ஒன்று. இந்த ஐந்து இடமும் கண்ணில் நின்றுவிட்டால் வார்த்தைகள் தானாக வரும். அன்றைக்கே வீட்டில் யாரிடமாவது ஒரு தடவை சொல்லிவிடுங்கள். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாலும் சரி. சொல்லாமல் தூங்கினால் காலையில் பாதி போய்விடும்.

இனி எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது. கதை நடக்கிற விதத்தை உங்கள் பேச்சில் சொல்லுங்கள், காசிமேட்டுப் பேச்சே இருக்கட்டும். ஆனால் கதையில் யாராவது வாய் திறந்து பேசினால் அந்தப் பேச்சை வேதத்தில் இருக்கிறபடியே சொல்லுங்கள். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா", "இரையாதே, அமைதலாயிரு", "இவர் யாரோ? காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே". இந்த மூன்றும் மாறாமல் இருந்தால் கதை மாறாது. உங்கள் பேச்சுக்கு நடுவே இந்த வரிகள் வந்து விழும்போது கேட்கிறவர்கள் நிமிர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

கூட்டிச் சொல்வதுதான் உண்மையான ஆபத்து, விட்டுப்போவது அல்ல. நன்றாகக் கதை சொல்கிறவர்களுக்கே இந்தச் சபலம் அதிகம். பேதுரு துடுப்பை உடைத்துக்கொண்டார், யோவான் அம்மாவை நினைத்து அழுதார் என்றெல்லாம் வந்துவிடும். எழுத்தறியாதவர்கள் அடுத்த நாள் அதையும் வேதம் என்றே வெளியே சொல்வார்கள். பெரியவரின் பயம் இங்கேதான் சரி. அதே நேரம், வேதத்தில் இருப்பதையே நாம் சட்டென்று தாண்டிப் போகிறோம். 36ஆம் வசனத்தில் வேறு படகுகளும் கூட வந்தன என்று இருக்கிறது. அந்தப் படகுகள் என்ன ஆயின என்று மாற்கு சொல்வதில்லை. பிரசங்கங்களில் இதைத் தொடுகிறவர்கள் குறைவு. காசிமேட்டில் இதைச் சொல்லுங்கள், கடலுக்குப் போகிற ஆண் யாராவது நிச்சயம் கேட்பார்: "அந்தப் படகுக்காரனுங்க?" அந்தக் கேள்வி வந்தால் உங்கள் கூடுகை நடந்துவிட்டது என்று அர்த்தம். பதிலை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். "எழுதியிருப்பது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.

கதையைக் கெடுக்கிற இன்னொரு வழக்கமும் இருக்கிறது. கடல் அமைதியானதோடு நிறுத்தி, நம் வாழ்க்கைப் புயலையும் இயேசு அமர்த்துவார் என்று முடித்துவிடுவது. மாற்கு அங்கே முடிக்கவில்லை. காற்று நின்ற பிறகுதான் சீஷர்கள் "மிகவும் பயந்து" இவர் யாரோ என்கிறார்கள். காற்றைக் கண்ட பயத்தைவிட அவரைக் கண்ட பயம் பெரிதாக இருக்கிறது. கேள்வியோடு முடிகிற கதையைக் கேள்வியோடு முடியுங்கள். முடித்ததும் பத்து எண்ணுகிற நேரம் சும்மா இருங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கு இதுதான் கஷ்டமான பயிற்சி.

ஒரு விஷயத்தைக் கவனமாகச் சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இருக்கும். 2004 சுனாமியை மறக்காத வீடுகள் இருக்கும். அப்படி ஒரு தாய் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, கூப்பிட்டார்கள், எழுந்தார், காப்பாற்றினார் என்று கதை சொன்னால், "என் பிள்ளை கூப்பிட்டப்போ ஏன் எழுந்திருக்கலை?" என்ற கேள்வி அவர் நெஞ்சில் வரும், வாயில் வராது. அதற்காக இந்தக் கதையை ஒதுக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே அவரைத் தனியாகப் பார்த்து, இந்தக் கதை சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வராமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. "உமக்குக் கவலையில்லையா" என்ற வரியைக் குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவின் வரி மட்டுமல்ல, அந்தத் தாயின் வரியும்தான். சீஷர்கள் அதைக் கேட்டதற்காக இயேசு அவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. இழவு நடந்து ஒரு வருஷம் ஆகாத வீடு என்றால் யோவான் 11, லாசரு இறந்த கதையை எடுங்கள். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாள் நேராகவே கேட்டுவிடுகிறாள்.

கதை முடிந்த பிறகு "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லாரும் சரியான பதிலைத் தேடுவார்கள், இருக்கிறதிலேயே நன்றாகப் பேசத் தெரிந்தவர் மட்டும் பேசுவார். எந்த இடம் மனசில் நின்றது, எந்த இடம் இடிக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் கதையை அவர்களையே திருப்பிச் சொல்ல வையுங்கள். ஒரு ஆயா தொடங்கட்டும், நிறுத்துகிற இடத்தில் அடுத்தவர் எடுக்கட்டும். விட்டுப்போனதை இன்னொருவர் பிடிப்பார், கூட்டிச் சொன்னதை யாராவது "அது அப்படி இல்லையே" என்பார். இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் கதை அவர்களுடையதாகிறது.

பெரியவரின் வேலை இங்கே. திறந்த வேதாகமத்தோடு அவரை உங்கள் பக்கத்திலேயே உட்காரவையுங்கள். நீங்கள் சொல்லும்போது குறுக்கே பேச வேண்டாம், வசனத்தைக் கண்ணால் தொடர்ந்து வரட்டும். எல்லாரும் திருப்பிச் சொல்லி முடித்தபின் அந்த ஏழு வசனத்தையும் அவர் சத்தமாக வாசிக்கட்டும். கடைசிச் சொல் எழுத்தினுடையது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அப்போது எது கதைசொல்லியின் பேச்சு, எது வேதத்தின் பேச்சு என்று பிரிந்துவிடும்.

எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்பீர்கள். உங்கள் சபையில் வாசிப்பது 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்பாக இருக்கும், கத்தோலிக்க அண்டைவீட்டார் கோயிலில் கேட்பது 1995இல் வந்த திருவிவிலியம். மாதத்துக்கு ஒன்றாக மாற்றி வாசியுங்கள், தீர்ந்தது. எது சரி என்ற பேச்சை அன்றைக்குத் திறக்க வேண்டாம். ஃபாதரிடமும் உங்கள் சபை ஆயரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. புதிதாக ஒரு ஜெபக்கூட்டம் கிளம்புகிறது, ஆள் இழுக்கிறார்கள் என்ற பேச்சு நம் தெருக்களில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். அதே காரணத்துக்காகத்தான் காணிக்கைப் பையும் வேண்டாம். இந்து அண்டைவீட்டார் வாசலில் உட்கார்ந்து கேட்டால் கேட்கட்டும், ஆனால் கூப்பிடும்போதே இது வேதக் கதை என்று சொல்லிக் கூப்பிடுங்கள்.

நேரம் பற்றி. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஃபைபர் படகுக்காரர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள், இருந்தாலும் வழக்கமாகக் கடலில் இருக்கிற பல ஆண்கள் அப்போது கரையில் இருப்பார்கள், வலை பின்னுவார்கள், சாயங்காலம் கொஞ்சம் பேச ஆள் தேடுவார்கள். முதல் கூடுகையை அப்போது வையுங்கள். மற்ற மாதங்களில் மீன் விற்கிற பெண்கள் விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குப் போக வேண்டும், எட்டு மணிக்கு மேல் இழுக்காதீர்கள். தண்ணீர் லாரி வருகிற நாளைத் தவிருங்கள். பதினைந்து பேருக்கு மைக் வேண்டாம். மைக் வைத்தால் பேச்சுக் குரல் போய்ப் பிரசங்கக் குரல் வந்துவிடும். தெருவில் ஒலிபெருக்கி வைப்பதென்றால் காவல்துறை அனுமதி வாங்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் எப்படியும் கூடாது.

வாலிபப் பையன்கள் வந்தால் கானாவாகப் பாடுகிறோம் என்பார்கள். வடசென்னையில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாடட்டும், ஆனால் ஆட்கள் வந்து சேருகிற வரைக்கும். கதைக்குள் பாட்டு வந்தால் மெட்டுக்காக வார்த்தை வளையும், கைதட்டலுக்காகக் கதை வளையும். பையன்களில் நன்றாகப் பேசுகிறவன் ஒருவனைப் பிடித்து அடுத்த மாதக் கதையை அவனிடம் கொடுத்துவிடுங்கள். அப்போஸ்தலர் 27 அவனுக்குப் பொருந்தும். நங்கூரம், பாய்மரம், சரக்கை எடுத்துக் கடலில் எறிவது, கப்பல் உடைந்தும் 276 பேரும் கரை சேர்வது என்று கைநிறைய வேலை இருக்கிறது. அதிகாரம் நீளமானது, 27ஆம் வசனத்திலிருந்து எடுத்தால் போதும். அதற்கடுத்த மாதம் யோவான் 21. இராத்திரி முழுக்க வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் வருகிற காலை உங்கள் தெருவுக்கு விளக்க வேண்டியதே இல்லை. அந்த 153 மீனை யார் எண்ணியிருப்பார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் சும்மா உட்காரலாம்.